எழுத இடம் தராத அக்கி

அக்கி என்னும் சொல் அக்கினி என்பதன் திரிபு. உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டை கட்டினாற்போல் கொப்புளங்கள் எழும்பி, நெருப்புப் பட்டதுபோல் எரியும் நோய்க்கு நம் முன்னோர் இட்ட பெயர் அது. இவ்வாறு பெயரிடுவது தமிழர்க்கு மட்டும் உரிய வழக்கமன்று. இத்தாலியர் இதனைப் புனித அந்தோணியாரின் நெருப்பு என்பர். டென்மார்க்கினர் நரக நெருப்பு என்பர். கன்னடத்தில் இது சர்ப்பசுத்து. பாம்பு சுற்றியதுபோல் மார்பையோ இடுப்பையோ வளைப்பதால் வந்த பெயர். மருத்துவ நூல்கள் வழங்கும் 'சோஸ்டர்' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் அரைக்கச்சை என்பதே பொருள். ஆக, இந்நோய்க்கு உலகம் இரண்டு அடையாளங்களைக் கண்டிருக்கிறது. ஒன்று எரிச்சல், மற்றொன்று தோலின்மேல் தோன்றும் கச்சை. முன்னது நோயாளி மட்டும் அறிவது. பின்னது ஊரார் அனைவரும் காண்பது. பின்னது தோன்றாமல் முன்னது மட்டும் வந்து வருத்தும் அக்கியும் உண்டு. அந்த உள் அக்கியைப் பற்றியே இங்கே பேச விழைகிறோம்.

தமிழ்நாட்டில் அக்கிக்கு மருத்துவர் குயவரே. செங்காவியைக் குழைத்து, கொப்புளங்கள் கண்ட இடத்தின்மேல் சிங்கத்தின் உருவத்தை அவர் தீட்டுவார். சிங்கம் அக்கியை விரட்டிவிடும் என்பது நம்பிக்கை. இதற்கு 'அக்கி எழுதுதல்' என்று பெயர். தமிழ்ப் பேரகராதியிலும் இத்தொடர் இடம்பெற்றுள்ளது. இங்கே 'எழுதுதல்' என்ற வினையைச் சற்றே நின்று நோக்க வேண்டும். பழந்தமிழில் ஓவியம் தீட்டுவதும் எழுதுதலே. மகளிர் மேனியில் சந்தனக் குழம்பால் கோலமிடுவதும் தொய்யில் எழுதுதலே. அந்தப் பழம்பொருள் அன்றாடப் பேச்சில் உயிரோடு எஞ்சியிருக்கும் இடங்களுள் அக்கியும் ஒன்று. தீயையும் மண்ணையும் ஆளத் தெரிந்தவர் குயவர். தீயின் பெயர் கொண்ட நோயை மண்ணால் அடக்க அவரையே நாடியது ஒரு கவிதை நியாயம் என்றே சொல்லத் தோன்றுகிறது.

காவிக்கு வைரசைக் கொல்லும் ஆற்றல் இல்லை. உடைந்த கொப்புளத்தில் மண் சேர்ந்தால் சீழ் பிடிக்கவும் கூடும். ஆயினும் இவ்வழக்கம் தலைமுறைகளைக் கடந்து நிலைத்ததற்குக் காரணம் இல்லாமலில்லை. எதுவும் செய்யாவிட்டாலும் அக்கியின் கொப்புளங்கள் இரண்டு முதல் நான்கு வாரங்களில் காய்ந்து உதிர்ந்துவிடும். அந்தப் புகழ் சிங்கத்தைச் சேர்ந்தது. அதற்கும் மேலாக, எழுதுபவர் நோயாளியின் வலியை ஐயமின்றி ஏற்றுக்கொண்டார். 'இது அக்கிதான், போய்விடும்' என்ற சொல்லே பாதி மருந்து. ஆனால் அந்த ஏற்பு தோலைப் பார்த்த பிறகே கிடைத்தது. கொப்புளமே எழாதவருக்கு எந்த இடத்தில் எழுதுவது? அவர் குயவர் வாசலுக்கே போகமாட்டார். வாயுப்பிடிப்பு என்றும், சுளுக்கு என்றும், மனக்கவலை என்றும் பிறர் சொல்லக் கேட்டு எரிந்துகொண்டிருப்பார்.

நம் வழக்கில் அம்மை வேறு, அக்கி வேறு. அம்மைக்கு மாரியம்மனும் வேப்பிலையும்; அக்கிக்குக் குயவரும் காவியும். இவ்விரண்டும் ஒரே கிருமியின் வேலை என்று எவரும் எண்ணவில்லை. இவ்வகையில் ஐரோப்பாவும் நெடுங்காலம் நம்மைப் போலவே இருந்தது. அக்கியின் இருப்பிடம் தோலன்று, முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சு என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானியரான பேரன்ஸ்ப்ருங் கண்டார். 1900இல் இங்கிலாந்தின் ஹெட், கேம்ப்பெல் இருவரும் இறந்தோரின் நரம்பு முடிச்சுகளை ஆராய்ந்து அதனை உறுதிப்படுத்தினர். அக்கி கண்டவர் வீட்டுக் குழந்தைகளுக்குச் சின்னம்மை வருவதைப் புடாபெஸ்ட் நகரின் குழந்தை மருத்துவர் போகாய் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கவனித்தார். இரண்டுக்கும் காரணம் ஒரே வைரஸ் என்பதை 1950களில் தாமஸ் வெல்லரின் ஆய்வு காட்டியது.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் ஆய்வுக்கூட அறிஞர் அல்லர். சிறுநகரத்துக் குடும்ப மருத்துவர். இங்கிலாந்தின் சைரன்செஸ்டரில் தொழில் செய்த ஹோப்-சிம்ப்சன், தம்மிடம் வந்த அக்கி நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்து, 1965இல் ஒரு கருத்தை முன்வைத்தார். இளமையில் அம்மையாக வந்த வைரஸ் உடம்பைவிட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சில் உறங்குகிறது. முதுமையிலோ வேறு காரணத்தாலோ எதிர்ப்பாற்றல் தளரும்போது விழித்து, நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. அம்மை இறங்கிவிட்டது என்று தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பின்னும் அது வீட்டைவிட்டு வெளியேறுவதில்லை என்று சொன்னால் நம் பாட்டிமார்க்கு எளிதில் விளங்கும்.

விழித்த வைரஸ் தோல்வரை வந்தே தீர வேண்டும் என்ற நியதி உண்டா? இல்லை என்று முதலில் சொன்னவர்களுள் ஒருவர் பிரெஞ்சு மருத்துவர் விதால், ஆண்டு 1907. கொப்புளமின்றி நரம்பின் தடத்தில் வலி மட்டும் வரும் அக்கியை அவர் விவரித்தார். அதே 1907இல் அமெரிக்கரான ராம்சே ஹண்ட், காதைத் தாக்கி முகவாதத்தை விளைவிக்கும் அக்கியை எழுதினார். அதுவும் சிலரிடம் கொப்புளமின்றி வருவது பின்னாளில் தெரிந்தது. ஆனால் விதாலின் கூற்றுக்குக் கண்ணால் காணும் சான்று இல்லை. மருத்துவ உலகம் பாதி நம்பியது, பாதி ஐயுற்றது. 1994இல்தான் அமெரிக்க நரம்பியலாளர் டொனால்டு கில்டனும் அவர்தம் குழுவினரும், கொப்புளமில்லாமல் நெடுங்காலம் நரம்புவலியால் துன்புற்ற இருவரின் தண்டுவட நீரில் இவ்வைரசின் மரபணுவைக் கண்டெடுத்தனர். வைரஸ் எதிர்ப்பு மருந்தை ஊசிவழிச் செலுத்தியதும் அவர்கள் வலி தணிந்தது. நோயாளிகள் சொன்னது மெய் என்று நிறுவ 87 ஆண்டுகள் தேவைப்பட்டன.

அந்த மருந்து அசைக்ளோவிர். அதனை உருவாக்கிய ஆய்வுக்குழுவின் தலைவி ஜெர்ட்ரூட் எலியன். 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். தோலில் எழும் அக்கிக்கு இன்று பெரியவர்களுக்குத் தரப்படும் வழக்கமான அளவு, அசைக்ளோவிர் 800 மி.கி. நாளுக்கு ஐந்து வேளை, அல்லது வாலாசைக்ளோவிர் 1000 மி.கி. நாளுக்கு மூன்று வேளை, 7 நாள். சிறுநீரகம் பழுதுபட்டவர்க்கு அளவைக் குறைக்க வேண்டும். எனவே மருத்துவர் எழுதித் தராமல் உண்ணத்தக்கதன்று. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பயன் மிகுதி.

உள் அக்கியின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. கொப்புளமே தோன்றாதபோது 72 மணியை எங்கிருந்து எண்ணுவது? மார்பின் இடப்பக்கம் எரிந்தால் மாரடைப்போ என்ற அச்சம். வலப்பக்க விலாவில் எரிந்தால் பித்தப்பைக் கல்லோ என்ற ஐயம். இடுப்பில் எரிந்தால் சிறுநீரகக் கல், முதுகில் எரிந்தால் தட்டு விலகல். இவற்றை மருத்துவர் முதலில் விலக்கியாக வேண்டும். மாரடைப்பை விலக்காமல் அக்கி என்று அமைவது உயிருக்கு ஆபத்து. அதன்பின் இரத்தத்திலோ தண்டுவட நீரிலோ வைரசின் தடயத்தைத் தேடலாம். எஞ்சும் நரம்புவலிக்குச் சாதாரண வலிமாத்திரை போதாது. காபாபென்டின், பிரெகாபாலின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றைச் சிறிய அளவில் தொடங்கி மெல்ல உயர்த்துவர். முதியோரிடம் அவை தலைசுற்றலும் உறக்கமும் தரும் என்பதால் கவனம் வேண்டும். காய்ச்சலோடு மனக்குழப்பம், கை கால் தளர்ச்சி, முகம் கோணுதல், பார்வை மங்கல் ஆகியவற்றுள் எது வந்தாலும் மருத்துவமனையில் சேர்த்து ஊசிவழி மருந்து தரும் நிலை அது.

இனி ஜவ்வாதுமலைக்கு வருவோம். மலையின் திருப்பத்தூர்ப் பக்கத்தில் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என நாடுகள் உண்டு. மலையாளிப் பழங்குடியினர் வாழும் இந்நாடுகள், 2019இல் வேலூரிலிருந்து பிரிந்த திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. பெரிய மருத்துவமனைக்கு மலையிறங்கித்தான் ஆக வேண்டும். நெல்லிவாசல்நாட்டின் முதியவள் ஒருத்தி, விலாவில் தணல் வைத்ததுபோல் எரிகிறது என்று சொல்வதாகக் கொள்வோம். கொப்புளம் இருந்தால் அவள் சொல்லை எவரும் மறுக்கமாட்டார். கீழே அழைத்துச் செல்லவும் தயங்கமாட்டார். தோல் மாசற்றிருந்தால், ஒரு நாள் கூலியையும் பேருந்துச் செலவையும் இழந்து மலையிறங்க வீட்டார்க்கு அவள் சொல் ஒன்றே காரணம். அது போதுமானதாக இருக்குமா என்பதே கேள்வி.

தடுப்பூசி உண்டு. ஐம்பது வயதைக் கடந்தோர்க்கு இரண்டு தவணையாக இடப்படும் அது 2023இல் இந்தியாவுக்கு வந்தது. அதன் விலை இம்மலையின் வருவாய்க்கு எட்டாதது. ஆகவே இன்றைக்கு மலைநாட்டுக்குப் பொருந்தும் முதல் மருத்துவம் செலவில்லாத சில கேள்விகளே. எரிச்சல் ஒரு பக்கத்தோடு நிற்கிறதா? முதுகில் தொடங்கிப் பட்டைபோல் முன்னே வருகிறதா? சேலைத்தலைப்பு உரசினாலும் வலிக்கிறதா? சிறுவயதில் அம்மை கண்டதுண்டா? சர்க்கரை நோய் உண்டா? இவற்றைக் கிராமச் செவிலியர் கேட்கலாம். மகளோ மருமகளோ கேட்கலாம். ஆம் என்ற விடைகள் நோயை உறுதி செய்யமாட்டா. ஆனால் மலையிறங்கப் போதுமான காரணமாகும்.

குயவர் தோலில் எழுதினார். மருத்துவர் தோலைப் படித்தார். எழுத்து இல்லாத இடத்தில் இருவரும் நின்றுவிட்டனர். விதாலும் கில்டனும் அதைக் கடந்து சென்றது, தோல் காட்டாததை நோயாளியின் வாய்ச்சொல்லில் கேட்டதனால்தான். நெல்லிவாசல்நாட்டு முதியவளின் சொல்லுக்கும் அந்த மதிப்பு வேண்டும். அவள் காத்திருக்க 87 ஆண்டுகள் இல்லை.