மெதுவாக ஓடும் ப்ராசஸர் பிறந்த கதை

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் நிறுவனம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. உள்ளே இருந்தது இன்டெல்லின் 8088 ப்ராசஸர். 5 மெகாஹெர்ட்ஸில் ஓடும் என்று இன்டெல் உத்தரவாதம் கொடுத்த சிப் அது. ஐபிஎம் அதை ஓட்டியதோ 4.77 மெகாஹெர்ட்ஸில்.

காரணம் சிக்கனம். திரையில் வண்ணம் காட்ட, அமெரிக்கக் கலர் டிவி முறைக்கு 3.58 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு தேவை. ப்ராசஸருக்கும் ஒரு துடிப்பு வேண்டும். இரண்டுக்கும் துடிப்பு தரும் கிரிஸ்டலைத் தனித்தனியாக வைக்காமல், 14.318 மெகாஹெர்ட்ஸில் அதிரும் ஒரே கிரிஸ்டலைப் பொருத்தினார்கள். அதை நான்கால் வகுத்தால் டிவிக்கு வேண்டிய துடிப்பு கிடைக்கும். மூன்றால் வகுத்தால் 4.77. ஆக, ஐபிஎம் பிசி பிறந்த அன்றே, சொன்ன வேகத்துக்குக் கீழே ஓடும் ப்ராசஸரும் பிறந்துவிட்டது.

அதன் பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வாங்குபவருக்குப் பெரிய குழப்பம் இல்லை. பெட்டியில் 66 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால் சிப் 66-இல் ஓடும். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் அதே வேகம்தான். அந்த எண்ணைப் பார்த்தே கம்ப்யூட்டர் வாங்கினார்கள். எண்ணைக் கூட்டும் போட்டி மும்முரமாகி, 2000 மார்ச்சில் ஏஎம்டியும் இன்டெல்லும் இரண்டே நாள் இடைவெளியில் 1 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸரை அறிவித்தன.

ஆனால் அந்த ஆண்டு ஜனவரியிலேயே கதை திரும்பிவிட்டது. லேப்டாப்புக்கான பென்டியம் 3-இல் ஸ்பீட்ஸ்டெப் என்ற வசதியை இன்டெல் கொண்டுவந்தது. கரன்டில் இருக்கும்போது 650 மெகாஹெர்ட்ஸ். பிளக்கைப் பிடுங்கினால் 500. கூடவே மின்னழுத்தமும் 1.6 வோல்ட்டிலிருந்து 1.35-க்கு இறங்கும். சிப் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் பெருகும் என்பது கணக்கு. அதனால் வேகத்தில் கால்வாசிக்கும் குறைவாக விட்டுக்கொடுத்து, மின்செலவை ஏறக்குறைய பாதியாக்க முடிந்தது. வேண்டுமென்றே வேகத்தைக் குறைப்பது நல்ல பொறியியல் என்று அந்தக் கணக்கு காட்டியது.

அதே ஆண்டு நவம்பரில் வந்த பென்டியம் 4 இன்னொரு படி போனது. சிப்புக்குள்ளேயே வெப்பம் பார்க்கும் உணரி இருந்தது. சூடு எல்லை தாண்டினால் சிப் தன் துடிப்பை விட்டுவிட்டு நிறுத்தி ஓடும். வேகம் விழும், சிப் பிழைக்கும். ஃபேன் நின்றுபோனாலும் உடனே கருகாமல் காத்தது இந்த ஏற்பாடு. இன்றைய லேப்டாப்பில் பல ப்ராசஸர்கள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது செய்வதும் இதே போன்றதுதான்.

சூடு ஏன் இவ்வளவு பெரிய தலைவலி ஆனது? டிரான்சிஸ்டர் சுருங்கச் சுருங்க அதற்கு வேண்டிய மின்னழுத்தமும் குறைந்துகொண்டே வரும் என்பதை 1974-லேயே ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டும் குழுவினரும் விளக்கியிருந்தார்கள். அந்த விதிதான் பல ஆண்டுகள் வேகத்தைக் கூட்ட வழிவிட்டது. 2000-களின் நடுவில் அது முறிந்தது. டிரான்சிஸ்டர்கள் மிகச் சிறியதாகி, அணைத்து வைத்தபோதும் மின்சாரம் கசிந்தது. மின்னழுத்தத்தை அதற்கு மேல் இறக்க வழியில்லை; வேகத்தைக் கூட்டினால் சூடும் கூடியது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரும் என்று வாக்குக் கொடுத்திருந்த இன்டெல், 2004 அக்டோபரில் அதைக் கைவிட்டது. அதன் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி கிரெய்க் பேரட் ஒரு மாநாட்டு மேடையில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார்.

வேகத்தைக் கூட்ட முடியாத நிலையில், ஒரே சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகளான கோர்களைக் கூட்டினார்கள். அங்கிருந்துதான் இன்றைய குழப்பம் தொடங்குகிறது. நான்கு கோர் உள்ள சிப்பில் நான்கும் சேர்ந்து உழைத்தால் சூடு அதிகம். ஒன்று மட்டும் உழைத்தால் மற்றவற்றின் பங்கு மின்சாரத்தை அதற்கே கொடுத்து வேகமாக ஓட்டலாம். 2008 நவம்பரில் கோர் ஐ7-உடன் வந்த டர்போ பூஸ்ட் இதைத்தான் செய்தது. அடுத்த ஆண்டு லேப்டாப்புக்கு வந்த ஐ7-720கியூஎம் சிப்பைப் பாருங்கள்: அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், ஒரே கோர் ஓடும்போது 2.8, நான்கும் டர்போவில் ஓடினால் 1.73. இதில் எது அந்தச் சிப்பின் வேகம்? மூன்றும்தான். விளம்பரத்துக்குப் பிடித்துப்போனது பெரிய எண். 2017-இல் வந்த ஐ7-8550யூ-வில் இடைவெளி இன்னும் அகன்றது: அடிப்படை 1.8, உச்சம் 4.0.

வேகம் குறைவதை நான் குறை சொல்லவில்லை. அது சிப்பையும் பேட்டரியையும் காக்கும் அருமையான ஏற்பாடு. மாறிப்போனது பெட்டியில் போடும் எண்ணின் பொருள். ஒரு காலத்தில் எப்போதும் ஓடும் வேகத்தைச் சொன்ன எண், இப்போது சில நொடிகள் தொடக்கூடிய உச்சத்தைச் சொல்கிறது. உச்சத்தை எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை லேப்டாப்பின் தடிமனும் காற்றுத்துளையும் ஃபேனும் முடிவு செய்கின்றன. ஒரே ப்ராசஸர் ஒரு மெல்லிய லேப்டாப்பில் திணறும், தடித்த லேப்டாப்பில் பாயும்.

டாஸ்க் மேனேஜரில் சும்மா இருக்கும்போது 1 கிகாஹெர்ட்ஸ் காட்டினால் கவலைப்படாதீர்கள். கரன்டில் செருகி, கடினமான வேலை கொடுத்து, அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். அப்போதும் அடிப்படை வேகத்துக்குக் கீழே கிடந்தால் முதலில் பவர் செட்டிங்கைச் சரிபாருங்கள். பிறகு ஃபேனில் தூசு தட்டி, தெர்மல் பேஸ்ட்டை மாற்றச் சொல்லுங்கள். புதிதாக வாங்குபவர்கள் கடைக்காரரிடம் அடிப்படை வேகத்தைக் கேளுங்கள். உச்ச வேகத்தை அச்சிடும் அதே அளவு எழுத்தில் அடிப்படை வேகத்தையும் பெட்டி மேல் போடுவதுதான் நிறுவனங்கள் செய்யவேண்டிய நியாயம்.