ராணிப்பேட்டையில் ராணி யார்?

குருவிகுளம் சமீன் மண்ணில் வாழ்வோர்க்கு, வடக்கிருந்து வந்து ஆண்ட குலங்களின் கதை புதிதன்று. தெலுங்கு நாட்டினின்று வந்த நாயக்கர் பலர் நெல்லைச் சீமையிலே பாளையம் அமைத்தனர். ஆனால் அதற்கும் அப்பால், புந்தேல்கண்டிலிருந்து வந்த இராசபுத்திரக் குலமொன்றும் தமிழகத்திலே கோட்டை கொண்டிருந்தது. அதனைத் தேசிங்குராசன் கதையென்று பாடினோம். வரலாறாக எண்ணிப் பார்த்தோமா?

1531இல் ஓர்ச்சா நகரை எழுப்பிய புந்தேலர், மொகலாயப் படையிலே பதவி பெற்றவர். எட்டாண்டு முற்றுகைக்குப் பின் 1698இல் செஞ்சி ஔரங்கசீப்பின் படையிடம் வீழ்ந்தது. 1700இல் அக்கோட்டைக்குத் தலைவனானான் சொரூப்சிங் என்ற புந்தேலன். 1714இல் அவன் மறைய, மகன் தேஜ்சிங் பொறுப்பேற்றான். அவனே நம் தேசிங்கு. ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான் கப்பப் பாக்கி கேட்டான், இளைஞன் மறுத்தான், பெரும்படையைச் சிறுபடையால் எதிர்த்தான், 1714 அக்டோபர் 3இல் களத்திலே மாண்டான். மதம் வேறாயினும் மாவத்துக்கான் நட்புக்காக உயிர் தந்தான் என்று கதைப்பாடல் போற்றுகிறது. போற்றட்டும், நாமும் போற்றுவோம்.

அவன் மனைவி? அவள் தீயிலே ஏறினாள். அவள் நினைவாகவே பாலாற்றங்கரையில் ராணிப்பேட்டை எழுந்தது என்பர். பெயரோ ‘ராணிபாய்’ என்பர். அரசி என்பதன்றி அதற்கு வேறு பொருளுண்டோ? குதிரைக்குப் பாராசாரி என்று பெயர் கிடைத்தது. பெண்ணுக்கோ பட்டம் மட்டுமே மிஞ்சியது!

இது அக்குலத்தின் வழக்கம். சூரிய குலம், சந்திர குலம், அக்கினி குலம் என்று பெருமை பேசினர். தம் கிளைக்குள் மணம் கூடாது, மகளை உயர்ந்த கிளைக்கே தரவேண்டும் என்றனர். அதனால் சீர்வரிசை ஏறிற்று, பெண்பிள்ளை சுமையாயிற்று. பிறந்த சிசுவைக் கொல்லும் கொடுமையைத் தடுக்க 1870இல் சட்டமே தேவைப்பட்டது. சித்தூர்க் கோட்டையிலே 1535இலும் 1568இலும் மகளிர் கூட்டமாக எரிந்தனர். குலமானம் என்ற சொல்லுக்கு விறகானது பெண்ணின் உடல்!

வடவர் வழக்கமென்று நாம் கைகழுவலாமா? புறநானூற்றுக் காலத்திலேயே பூதப்பாண்டியன் தேவி தீப்புகுந்தாள். 1710இல் கிழவன் சேதுபதி இறந்தபோது மனைவியர் 47 பேர் உடன் எரிந்தனர் என்கின்றன நூல்கள். நோய் நம் வீட்டிலும் இருந்தது.

1829இல் வங்கத்திலும், 1830இல் சென்னை மாகாணத்திலும் உடன்கட்டை தடை செய்யப்பட்டது. ஆயினும் 1987இல் இராசத்தானத்துத் தேவராலாவில் பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி எரிந்தாள்; அவளைத் தெய்வமாக்கிப் பல்லாயிரவர் கூடினர். அதன்பின், அச்செயலைப் புகழ்வதையும் குற்றமாக்கி, அவ்வாண்டிலேயே புதுச்சட்டம் இயற்ற நேர்ந்தது.

புகழ்ச்சியே அத்தீயின் நெய். எனவே, நண்பர்களே, தேசிங்கின் வீரத்தைப் பாடும்போது அவன் மனைவியின் சாவைக் கற்பென்று பாடாதிருப்போம். கணவன் மாண்டபின்னும் வாழ அவளுக்கு உரிமை இருந்தது. அவ்வுரிமையை மறுத்த வழக்கத்தை வழக்கமென்றே சொல்வோம், பெருமை என்று சொல்லோம்.