வன்னியின் சரித்திரமும் ஊர்ச் சபைகளும்

ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் ஒரு கல் நாட்டப்பட்டது. 1803ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனை இவ்விடத்தயலில் தோற்கடித்தான் என்பது அக்கல்லில் ஆங்கில எழுத்திற் பொறித்த செய்தி. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், ஆகஸ்ட் 25ஆம் நாள், முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி அதே டிறிபேர்க்கின் படையைப் பின்வாங்கச் செய்தவன் பண்டாரவன்னியன் என்ற செய்தி அதிலே இல்லை. வென்றவன் நாட்டிய கல் வென்றவனின் கதையைத்தான் சொல்லும். ஆயினும் வன்னி மக்கள் அந்தக் கல்லைத் தமதாக்கிக் கொண்டார்கள். தோற்றவனின் பெயரைத் தேடியே அவ்விடத்துக்குச் சென்றார்கள். போர் ஓய்ந்த மறு ஆண்டு, 2010இல், அக்கல் சேதப்படுத்தப்பட்டது.

உடைத்தவர் யார் என்று விசாரிப்பது பொலிசாரின் கடமை. அக்கல்லுக்குக் காவல் யார், அது உடைந்தால் ஊர் மக்கள் எவரிடம் போய்க் கணக்குக் கேட்பது என்று விசாரிப்பது நமது கடமை. தெருவிளக்கு எரியாவிட்டால் சபையிடம் கேட்கிறோம். குப்பை அள்ளப்படாவிட்டால் சபையிடம் கேட்கிறோம். சரித்திரம் களவுபோனால் எவரிடம் கேட்பது?

இந்த வினாவுக்குச் சட்டம் தரும் விடையை முதலில் நோக்குவோம். ஈழத்துத் தமிழில் மியூசியத்துக்கு நாம் வழங்கிவரும் பெயர் நூதனசாலை. பழம்பொருள் வைக்கும் இடத்துக்குப் புதுமைச் சாலை என்று பெயரிட்ட வேடிக்கையில் ஒரு சரித்திர உண்மை பொதிந்திருக்கிறது. 1877ஆம் ஆண்டு தேசாதிபதி கிறெகரியின் காலத்திற் கொழும்பிலே திறக்கப்பட்ட நூதனசாலை, ஆள வந்தவர்களின் கண்ணுக்கு விநோதமாகப் பட்டவற்றின் சேகரமாகவே தொடங்கிற்று. உழவனின் கலப்பை உழவனுக்கு நூதனமன்று; அதைக் கண்டிராதவனுக்கே அது நூதனம். 1890இல் தொல்பொருளியல் திணைக்களம் தோன்றியது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், மண்ணுள் மறைந்து கிடக்கும் பழம்பொருள் யாவும் முடிக்கு உரியன என்று விதித்தது. முடி போய்க் குடியரசு வந்தபின் அவ்வுரிமை அரசுக்கு மாறியது. கண்டெடுத்தவன் அறிவிக்கக் கடமைப்பட்டவன். காப்பதும் கொண்டுசெல்வதும் கொழும்பின் அதிகாரம்.

அச்சட்டம் எழுதப்பட்டபோது பழம்பொருள் என்பதற்கு அது வகுத்த எல்லை ஒன்று ஊன்றிக் கவனிக்கத்தக்கது. 1815 மார்ச் 2ஆம் நாளுக்கு முற்பட்டதே பழம்பொருள் எனப்பட்டது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்ட நாள் அது. கடைசி அரசன் முடியிழந்த நாளோடு பேணத்தக்க சரித்திரம் முடிந்துவிட்டது என்பது இதன் உட்பொருள். அதன்பின் காடு வெட்டியவன், குளம் திருத்தியவன், கொலராவுக்கும் மலேரியாவுக்கும் பலியானவன், கூலியாய் வந்து குடியானவன் ஆனவன் ஆகிய எவனும் அந்த எல்லைக்குள் அடங்கான். பிற்காலத் திருத்தங்கள் எவ்வாறாயினும், அரசரின் கல்லே சரித்திரம், ஆட்களின் கருவி வெறும் தட்டுமுட்டு என்னும் மனப்பான்மை நம் படித்தவர்களிடத்தும் வேரூன்றிக் கிடக்கிறது.

வன்னியைப் பற்றிய முதற் பெருநூலும் ஓர் அதிகாரியின் கைந்நூலே. வவுனியாவில் உதவி அரசாங்க அதிபராயிருந்த ஜே. பி. லூயிஸ் 1895ஆம் ஆண்டில் வன்னி மாவட்டங்களின் கையேட்டை வெளியிட்டார். அது உழைப்பின் பயன். இன்றும் நமக்குத் தவிர்க்க முடியாத சான்று. ஆனால் அது வரி தண்டுபவரின் மேசையிலிருந்து பார்த்த வன்னி. அந்த மேசைக்கு எதிரே நின்ற குடியானவனுக்கோ அறிவும் ஆட்சியும் இல்லாமலில்லை. வன்னியின் குளங்கள் எந்தக் கச்சேரியின் கட்டளையாலும் நூற்றாண்டுக் கணக்கில் நிலைத்தனவல்ல. எப்போது மடை திறப்பது, எவன் வாய்க்காலை எவன் துப்புரவாக்குவது, தண்ணீர் குறைந்த போகத்தில் எவ்வளவு நிலம் விதைப்பது என்பவற்றை ஊர் கூடித் தீர்மானித்த வழக்கமே அவற்றைக் காத்தது. தேசாதிபதி வார்ட் 1856ஆம் ஆண்டு நெற்காணி நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தை இயற்றியபோது, புதிதாக ஒன்றை அவர் படைக்கவில்லை. சிதைந்துகொண்டிருந்த பழைய ஊர் வழக்கத்துக்கே சட்டப் பலம் தேடினார். 1871இன் கிராமச் சபைச் சட்டமும் அவ்வழியில் வந்ததே. குளத்தைக் கூடி ஆளத் தெரிந்த ஊருக்குத் தன் பழமையைக் கூடி ஆளத் தெரியாது என்பது எந்த நியாயம்?

அந்தப் பழமைதான் எத்தகையது? இரணைமடு என்றால் நமக்கு நெல்லும் தண்ணீரும் நினைவுக்கு வரும். உலகின் தொல்லியலாளருக்கோ அது கற்கால மனிதனின் கருவிகள் கிடைத்த மண்படிவின் பெயர். பூநகரியில் பேராசிரியர் புஷ்பரட்ணம் நடத்திய ஆய்வுகள் பெருங்கற்காலப் பண்பாட்டின் தடங்களை வெளிக்கொணர்ந்தன. வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்துக் குகையிலே பிராமி எழுத்தில் ஒரு சாசனம் உண்டு. பரணவிதான 1970இல் வெளியிட்ட சாசனத் தொகுதியில் அது இடம்பெற்றிருக்கிறது. விசாகன் என்னும் பெயருடைய தமிழ் வணிகன் ஒருவனை அக்குகையோடு தொடர்புபடுத்துகிறது அச்சாசனம். மொழி பிராகிருதம், ஆள் தமிழன், குகை பௌத்தத் துறவிகளின் உறைவிடம். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுந்த இந்தச் சிறு வரி, இன்று மேடைகளில் முழங்கும் இரு சாராரையும் ஒருங்கே சங்கடப்படுத்துகிறது. புத்தர் சிலை கண்ட இடமெல்லாம் சிங்களவர் பூமி என்பவர்க்கு அந்த வணிகன் மறுமொழி சொல்கிறான். வன்னியிற் பௌத்தத்தின் சுவடே இருந்ததில்லை என்பவர்க்கும் அவனே மறுமொழி சொல்கிறான்.

இத்தகைய மண்ணில் இன்று நிகழ்வது என்ன? முல்லைத்தீவு மாவட்டத்துக் குருந்தூர்மலையில் 2021 ஜனவரியில் தொல்லியல் அகழ்வு தொடங்கப்பட்டது. அங்கே பழைய பௌத்த இடிபாடுகள் இருப்பதை நேர்மையுள்ள எவரும் மறுக்கார். அயல் ஊர் மக்கள் தலைமுறையாய் அங்கு வழிபட்டதும், அதன் அடிவாரக் காணிகளில் விதைத்ததும் உண்மையே. அகழ்வைத் தொடர்ந்து புதுக் கட்டுமானம் எழுந்தது. வழக்கு நீதிமன்றம் ஏறியது. விஞ்ஞானியின் கரண்டி கிளறிய மண்ணிற் கட்சியின் கொடி நடப்பட்டது. தொல்லியல் ஓர் அறிவுத்துறை. அதனோடு நமக்குப் பகையில்லை. அகழ்வுக் குழியைச் சுற்றிப் படைவீரர் நிற்க, ஊரார் வெளியே நிற்கும் ஏற்பாட்டோடுதான் நமக்குப் பகை. தோண்டுவது எதற்கு, கிடைத்தது என்ன, அது எங்கே கொண்டுபோகப்படுகிறது என்பவற்றை அந்த ஊரின் பிரதிநிதிகள் முன் வைத்து விளக்கும் கடமை எவருக்கும் விதிக்கப்பட்டிருந்தால், சந்தேகம் இவ்வளவு ஆழ வேரோடியிருக்குமா?

பிரதிநிதிகள் இருந்தார்களா என்பதும் கேட்கத்தக்க வினாவே. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், பொதுச் சுகாதாரம், பொதுச் சேவைகள், தெருக்கள் ஆகியவற்றோடு மக்களின் பொதுநலனையும் சபைகளின் பொறுப்பாக்கிற்று. அதே ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம், மாகாணம் நடத்தும் நூலகங்களையும் நூதனசாலைகளையும், தேசிய முக்கியத்துவம் உடையனவாகப் பிரகடனஞ் செய்யப்படாத பழஞ்சின்னங்களையும் மாகாண சபைக்குரிய விடயங்களாக்கிற்று. ஏட்டில் எழுதியது இது. நாட்டில் நடந்ததோ வேறு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் 12 உள்ளூராட்சிச் சபைகள் உள. போர்க்காலத்தில் இவற்றிற் பெரும்பாலானவற்றுக்கு நெடுங்காலம் தேர்தலே இல்லை. 2011ஆம் ஆண்டு அயற் சபைகளுக்குத் தேர்தல் நடந்தபோது புதுக்குடியிருப்பும் கரைதுறைப்பற்றும் ஒத்திவைக்கப்பட்டன. 2018 பெப்ரவரித் தேர்தலின் பின்னரே அங்கு மக்கள் தெரிந்த சபைகள் கூடின. 2023 மார்ச்சில் நாடெங்கும் சபைகளின் காலம் முடிய, பணமில்லை என்று தேர்தல் தள்ளிப்போடப்பட்டது. 2025 மே 6ஆம் நாள்வரை சபைகளை உத்தியோகத்தர்களே நடத்தினர். 2018 ஒக்டோபரில் காலம் முடிந்த வட மாகாண சபைக்கோ அதன்பின் தேர்தல் நடைபெறவில்லை.

இந்த வெற்றிடத்திலேதான் கற்கள் எழுந்தன. கிளிநொச்சி நகர நடுவில் எறிகணை துளைத்த கற்கட்டியின்மேல் தாமரை விரியும் வெற்றிச் சின்னமும், புதுக்குடியிருப்பில் துவக்கேந்திய வீரனின் சிலையும் போருக்குப் பின் இராணுவத்தால் நிறுவப்பட்டவை. விழுத்தப்பட்ட கிளிநொச்சித் தண்ணீர்த் தாங்கி உல்லாசப் பிரயாணிகளுக்குக் காட்சிப்பொருள் ஆக்கப்பட்டது. அந்தத் தாங்கியில் தண்ணீர் குடித்தவர்கள் அப்போது முகாம்களிலிருந்து மீண்டு தறப்பாளின் கீழ் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். 1803இன் கல்லுக்கும் 2009இன் கல்லுக்கும் இடையே இரு நூற்றாண்டுகள் கழிந்தும் வழக்கம் மாறவில்லை. வென்றவன் எழுதுகிறான், ஊரவன் வழிவிட்டு நிற்கிறான்.

ஊர்ச் சபைகளிடம் ஒப்படைத்துவிட்டால் எல்லாம் சீராகிவிடுமா என்று வாசகர் கேட்கலாம்; கேட்கவும் வேண்டும். நமது சபைகளை நாம் அறிவோம். நூலகத்துக்கு ஒதுக்கிய பணம் வரவேற்பு வளைவாக மாறுவதும், பொன்னாடைக்கு உள்ள கைச்சுறுக்கு புத்தகத்துக்கு இல்லாமற் போவதும் இங்கு புதுமையல்ல. இதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. மத்தியின் பெருமிதத்தை ஊரின் பெருமிதம் வந்து இடம்பெயர்க்கும். மறைக்கப்பட்டவர்கள் மறைக்கப்பட்டபடியே கிடப்பார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி மக்களும் அடங்குவர். 1977இன் வன்செயலால் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களை வவுனியாவின் காட்டோரங்களிற் காந்தியம் இயக்கம் குடியமர்த்தியது; கிளிநொச்சியின் வயல்களில் அவர்களின் முதுகுகளே வளைந்தன. வன்னியரசரின் வாளைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க ஆவல் கொள்ளும் நாம், தோட்டத்திலிருந்து அந்த மக்கள் கொண்டுவந்த கொழுந்துக் கூடையை அதன் அருகில் வைப்போமா? கூத்தாடிய அண்ணாவியின் ஏட்டைப் போற்றும் நாம், அவர் எந்த வாசலுக்கு வெளியே நின்று ஆடினார் என்பதையும் எழுதி வைப்போமா? இவற்றுக்கு ஆம் என்று சொல்லத் துணிந்த சபையே மக்கள் சபை.

இருந்தும், சபைகளின் குறைகளுக்குப் பரிகாரம் சபைகளை ஒழிப்பதன்று. கொழும்பின் திணைக்களம் தவறினால் முல்லைத்தீவு மீனவனால் அதை என்ன செய்ய முடியும்? வட்டாரப் பிரதிநிதி தவறினால் சந்தையில் மறித்துக் கேட்கலாம். அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். மக்களாட்சியின் சாரம் இந்த மறித்துக் கேட்கும் உரிமையில் இருக்கிறது. இங்கிலாந்திலே 1845ஆம் ஆண்டு நூதனசாலைச் சட்டம், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரங்களின் சபைகளுக்கு நூதனசாலை அமைக்க அரைப் பெனி வரி தண்டும் உரிமையை வழங்கிற்று. நுழைவுக் கட்டணம் ஒரு பெனிக்கு மேற்படலாகாது என்றும் விதித்தது. ஆலைத் தொழிலாளி சாராயக் கடைக்குப் போகாதிருக்கவே முதலாளிகள் அதை விரும்பினர் என்பது உண்மை. ஆனால் தன் வரிப்பணத்தில் எழுந்த மண்டபத்துக்குள் தொழிலாளி உரிமையோடு நுழைந்தான் என்பதும் உண்மையே. தமிழ்நாட்டிலே 1948ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம், எஸ். ஆர். ரங்கநாதனின் முயற்சியால், வீட்டுவரியோடு நூலக வரியையும் சேர்த்துத் தண்ட வழி செய்தது.

இத்தனை தூரம் போவானேன்? ஆனையிறவைத் தாண்டினால் நம் கண்முன் ஒரு சான்று நிற்கிறது. கே. எம். செல்லப்பா என்னும் தனி மனிதரின் முயற்சியிலிருந்து முளைத்து, 1934இல் 844 நூல்களுடன் வாடகை அறையொன்றில் திறக்கப்பட்டது யாழ்ப்பாணப் பொது நூலகம். அடுத்த ஆண்டே நகர சபை அதைப் பொறுப்பேற்றது. அரை நூற்றாண்டு நிறையுமுன் அது ஏறத்தாழ 97,000 நூல்களுடைய களஞ்சியமாயிற்று. ஓர் ஊர்ச் சபையால் என்ன முடியும் என்பதற்கு அதுவே அளவுகோல். 1981 ஜூன் 1ஆம் நாள் அதிகாலை அது சாம்பலாயிற்று. ஜூன் 4ஆம் நாள் மாவட்ட அபிவிருத்திச் சபைக்குத் தேர்தல். உள்ளூர் ஆட்சிக்கு வாக்களிக்க மக்கள் ஆயத்தமான அதே கிழமையில் உள்ளூர் ஆட்சி கட்டி வளர்த்த அறிவுக்கோயில் எரியூட்டப்பட்டமை வெறும் தற்செயலா? மக்கள் தம் நினைவைத் தாமே ஆள்வதை அஞ்சுவோர் எதை முதலில் எரிப்பர் என்பதைச் சரித்திரம் அன்று காட்டிற்று.

ஆகவே நாம் கோருவது இதுதான். வன்னியின் 12 சபைகளும் தத்தம் நூலகத்தில் ஓர் அறையை ஊரின் பழமைக்கு ஒதுக்கட்டும். ஏற்றத்தின் துலாவும், தேன் எடுக்கும் கயிறும், கரைவலைப் பாட்டும், இடம்பெயர்ந்த குடும்பம் தூக்கிச் சென்ற பானையும் அங்கே பதிவேட்டில் ஏறட்டும். கமக்காரர், மீனவர், பெண்கள், ஆசிரியர், எல்லாச் சமயத்தவரும் அமர்ந்த குழுவொன்று அதை மேற்பார்வை செய்யட்டும். ஆண்டுதோறும் சபையிலே அறிக்கை படிக்கப்பட்டு, எவரும் பார்க்கக்கூடியதாக ஒட்டப்படட்டும். தொல்பொருளியல் திணைக்களம் எவ்வூரில் அகழ்ந்தாலும் கண்டவற்றின் பட்டியலை அவ்வூர்ச் சபைக்கு மூன்று மொழிகளிலும் தரவேண்டுமென்று சட்டம் விதிக்கட்டும். கீழடியிற் கிடைத்தவை கீழடியிலேயே வைக்கப்பட வேண்டும் என்று தமிழ்நாட்டு மக்கள் கேட்டார்கள். 2023ஆம் ஆண்டு அவ்வூரிலேயே அருங்காட்சியகம் எழுந்தது. கேளாமல் அதுவும் எழுந்திராது.

சட்டம் மாறக் காலம் செல்லலாம். பதிவேடு எழுதக் காலம் செல்லாது. வன்னியிலே ஆசிரியர் இல்லாத ஊர் இல்லை. மாணவர் இல்லாத வீடு இல்லை. ஒரு கொப்பியும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஊரின் முதியவர்களிடம் செல்வோம். எந்தக் குளம் யார் வெட்டியது, எந்தப் பெயர் எப்போது மாறியது, எவர் எங்கிருந்து வந்தார், எவர் ஏன் போனார் என்று எழுதுவோம். எழுதியதைச் சபையின் மேசைமேல் வைப்போம். பெற்றுக்கொண்டதற்குப் பற்றுச்சீட்டும் கேட்போம்.