மதிப்பெண் பெற்ற மாளிகை

மாணவர்க்கு மதிப்பெண் இடுவது நாமறிந்த வழக்கம். கட்டடத்திற்கு மதிப்பெண் இடுவதுண்டா? வீடு கட்டப் புகுவோர் மனையடி நூலைப் புரட்டி, இத்தனை அடியென்றால் வாழ்வு, இத்தனை அடியென்றால் தாழ்வு என்று கணக்குப் பார்த்ததை நாம் கண்டிருக்கிறோம். ஆனால் எழுப்பப்படும் கட்டடம் எவ்வளவு நீரைக் குடிக்கும், எவ்வளவு மின்சாரத்தை விழுங்கும், அதன் கற்கள் எங்கிருந்து வந்தன, அதனுள் அமர்ந்திருப்போர் எத்தகைய காற்றைச் சுவாசிப்பர் என்றெல்லாம் வினவி, விடைக்கேற்பப் புள்ளி வழங்கும் முறை அண்மைக்காலத்தில் தோன்றியதே. 2003-ஆம் ஆண்டு நவம்பரில், ஐதராபாத் நகரின் கொத்தகூடாப் பகுதியில் எழுந்த ஒரு கட்டடம் இத்தேர்வில் 69-க்கு 56 புள்ளிகள் பெற்றுப் பிளாட்டினம் என்னும் தலையாய தகுதியை அடைந்தது. அமெரிக்க நாட்டிற்கு வெளியே அத்தகுதியைப் பெற்ற முதற்கட்டடம் அதுவே. இப்பெருமையை எல்லாரும் அறிவர். அந்த 56 புள்ளிகள் எதை அளந்தன, எதை அளக்காமல் விட்டன என்பதையே நாம் ஈண்டுக் காண விழைகிறோம்.

இவ்வளவுகோல் பிறந்த கதை 1973-இல் தொடங்குகிறது எனலாம். அவ்வாண்டு எழுந்த எண்ணெய் நெருக்கடி, மேலை நாடுகளின் உயர்ந்த அலுவலகக் கட்டடங்களை முதன்முறையாகக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. கண்ணாடிச் சுவர், திறவாத சாளரம், ஆண்டு முழுதும் ஓடும் குளிரூட்டி எனக் கட்டப்பட்டவை அவை. கட்டடம் இடிந்து விழாதிருக்கவும் தீப்பிடியாதிருக்கவும் சட்டங்கள் முன்பே இருந்தன. அக்கட்டடம் சுற்றுப்புறத்திற்கு என்ன செய்கிறது என்பதைச் சொல்லத்தான் அளவுகோல் இல்லை. 1990-இல் பிரித்தானியக் கட்டட ஆய்வு நிலையம் புதிய அலுவலகக் கட்டடங்களுக்கென 'பிரீம்' என்னும் மதிப்பீட்டு முறையை வெளியிட்டது. இத்துறையில் உலகின் முதல் முறை அது. 1993-இல் அமெரிக்கப் பசுமைக் கட்டடக் கழகம் தோன்றிற்று. 'லீட்' என்னும் அதன் மதிப்பீட்டு முறை 1998-இல் சோதனையாகவும், செப்பம் செய்யப்பட்ட இரண்டாம் வடிவம் 2000-ஆம் ஆண்டு மார்ச்சிலும் வெளிவந்தன.

இவற்றுள் எதுவும் சட்டமன்று என்பதை வாசகர்கள் கருத்திற்கொள்ள வேண்டும். கட்டடத்தின் உரிமையாளர் தாமே விரும்பிப் பெயரைப் பதிவு செய்துகொண்டு, கட்டணமும் செலுத்தித் தேர்வு எழுத வருகிறார். தண்டனைக்கு அஞ்சியன்று, பெருமையை நாடி வருகிறார். மனித இயல்பை நன்கு அறிந்தவர்களே இம்முறையை வகுத்தனர் என்று நமக்குத் தோன்றுகிறது. வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று தகுதிகளுக்கு உலோகப் பெயர் சூட்டியதும் அவ்வறிவால்தான் போலும்!

அன்றைய வினாத்தாளைச் சற்றே விரித்துப் பார்ப்போம். நிலத்தைப் பேணியதற்கு 14, நீர்ச் சிக்கனத்திற்கு 5, ஆற்றலுக்கும் வளிமண்டலக் காப்பிற்கும் 17, கட்டுமானப் பொருள்களுக்கு 13, உள்ளகச் சூழலின் தரத்திற்கு 15, புதுமைக்கும் வடிவமைப்பு முறைக்கும் 5 என 69 புள்ளிகள். இவற்றுக்கு முன்னே, புள்ளியேதும் இன்றிக் கட்டாயமாக நிறைவேற்ற வேண்டியவை ஏழு. அவற்றுள் ஒன்று தவறினும் மற்ற எதுவும் எடுபடாது. 26 புள்ளி பெற்றால் தேர்ச்சி, 33 வெள்ளி, 39 தங்கம், 52 பிளாட்டினம். இப்பங்கீட்டில் நமக்கு ஓர் ஐயம் எழாமல் இல்லை. மிதிவண்டி நிறுத்த இடமும், அதில் வருவோர் குளித்து உடைமாற்ற அறையும் அமைத்தால் 1 புள்ளி. கட்டடத்தின் ஆற்றல் தேவையில் 5 விழுக்காட்டைக் கதிரவன் போன்ற வற்றாத மூலத்திலிருந்து அங்கேயே பெற்றாலும் அதே 1 புள்ளி. முன்னதற்குச் சில ஆயிரம் ரூபாய் போதும்; பின்னதற்கு அன்றைய விலையில் பல இலட்சம் வேண்டும். பழைய கட்டடத்தை இடிக்காமல் புதுக்கிப் பயன்படுத்தினால் 3 புள்ளிகள் வரை உண்டு. புதிதாகக் கட்டவே வேண்டாம் என்று முடிவு செய்தவருக்கோ இத்தாளில் இடமே இல்லை.

இனி ஐதராபாத்திற்கு வருவோம். 2001-இல் இந்தியத் தொழிற்கூட்டமைப்பு, இந்தியப் பசுமைக் கட்டடக் கழகத்தைத் தோற்றுவித்தது. அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேச அரசு, தொழிற்கூட்டமைப்பு, பிரோஜ்ஷா கோத்ரேஜ் அறக்கட்டளை ஆகியவை இணைந்தும், அமெரிக்கப் பன்னாட்டு வளர்ச்சி முகமையின் தொழில்நுட்ப உதவியோடும் பசுமைத் தொழில் மையம் ஒன்றை அமைக்க முற்பட்டன. 2000-ஆம் ஆண்டில் மறைந்த தொழிலதிபரும் இயற்கை ஆர்வலருமான சோராப்ஜி கோத்ரேஜ் அவர்களின் பெயரை அது தாங்கியது. பிறர்க்குப் பசுமைக் கட்டடம் பற்றி எடுத்துரைக்கப் போகும் மையம் தான் குடியிருக்கும் மனையையே சான்றாக நிறுத்த வேண்டாவா? ஆகவே, வதோதரா நகரத்துக் கட்டடக் கலைஞர் கரண் குரோவர் வரைந்த ஏறத்தாழ 20,000 சதுர அடிக் கட்டடம், தொடக்கத்திலிருந்தே லீட் தேர்வை மனத்திற்கொண்டு எழுப்பப்பட்டது.

அக்காலத்தில் இது எளிய செயலன்று. கட்டடம் எழுப்பிய எவரும் செங்கல், சிமிட்டி, மணல் ஆகியவற்றின் விலையைக் கணக்கெழுதியிருப்பர். இங்கோ ஒவ்வொரு பொருளுக்கும் பிறப்புச் சான்றே எழுத வேண்டியிருந்தது. இக்கல்லில் மறுசுழற்சிப் பொருள் எத்தனை விழுக்காடு? இது 500 மைலுக்குள், அதாவது சுமார் 800 கிலோமீட்டருக்குள் செய்யப்பட்டதா? இம்மரம் முறையாகப் பேணப்படும் காட்டிலிருந்து வந்ததா? இவ்வண்ணப் பூச்சிலிருந்து கிளம்பும் நச்சாவி எவ்வளவு? கட்டும்போது விழுந்த கழிவில் எவ்வளவு குப்பைமேட்டிற்குப் போகாமல் தடுக்கப்பட்டது? கட்டடம் உண்ணவிருக்கும் ஆற்றலைக் கணிப்பொறியில் முன்கூட்டியே கணக்கிட்டு, அமெரிக்கப் பொறியாளர் சங்கமொன்று வகுத்த நெறியோடு ஒப்பிட்டுக் காட்டவும் வேண்டும். இவையனைத்திற்கும் பொறுப்பானவர் கையொப்பமிட்ட தாள்கள் கடல் கடந்து சென்றன. நம் நாட்டுச் சந்தையிலோ அன்று இத்தகைய பொருள்கள் அரியவை; அவற்றை விற்போரிடம் இக்கேள்விகளை அதுவரை எவரும் கேட்டதும் இல்லை. ஒரு கேள்வியைக் கேட்கத் தொடங்குவதே ஒரு வாணிகத்தை மாற்றவல்லது என்பதை இங்கே காண்கிறோம்.

கட்டடத்தின் உருவமோ நம்மவர்க்கு அயலானதன்று. நடுவே முற்றம், அதனைச் சுற்றி வட்டமாக அறைகள். பகற்பொழுதில் பெரும்பாலான இடங்களில் விளக்கு ஏற்ற வேண்டியதில்லை. முகலாயர் காலத்துக் கட்டடங்களில் நாம் வியந்து பார்க்கும் துளையிட்ட சல்லடைச் சுவர், இங்கே வெயிலை வடிகட்டி ஒளியை மட்டும் உள்ளே விடுகிறது. காற்றுக் கோபுரங்களில் நீர் தெளிக்கப்பட, வெளிக்காற்று ஏழெட்டுப் பாகை குளிர்ந்தபின் குளிரூட்டும் பொறிக்குச் செல்கிறது. பொறியின் உழைப்பு அந்த அளவிற்குக் குறைகிறது. இக்கோபுரம் பாரசீகத்தின் யஸ்த் நகரத்து வீடுகள் அறிந்த பழங்கருவி. சிந்து மாநிலத்திலுள்ள மற்றோர் ஐதராபாத் நகரமும் ஒருகாலத்தில் தன் வீட்டுக் கூரைகளின் காற்றுப் பிடிப்பான்களால் புகழ்பெற்றிருந்தது என்பது இனிய தற்செயல்! கூரையின் பாதிக்கு மேற்பட்ட பரப்பில் தோட்டம். எஞ்சிய இடத்தில் 23.5 கிலோவாட் திறனுள்ள கதிரவன் மின்தகடுகள். கழிவுநீர் நாணல் போன்ற செடிகளின் வேர்ப்படுகை வழியாகத் தூய்மையாகித் தோட்டத்திற்கே திரும்புகிறது. சுவர்களில் அனல்மின் நிலையச் சாம்பலால் ஆன கற்கள்.

ஆயினும் முற்றம் என்பதற்காக அவ்வினாத்தாளில் ஒரு புள்ளியும் இல்லை. சல்லடைச் சுவருக்கும் இல்லை. அவற்றால் விளையும் வெளிச்சத்திற்கும், மிச்சமாகும் மின்சாரத்திற்குமே புள்ளி. பாட்டன் கட்டிய வீட்டின் தண்மையைப் பேரன் எண்களாக மொழிபெயர்த்துக் காட்டினாலன்றி அது மதிக்கப்படவில்லை. இதனை இழிவென்று சிலர் கருதலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. வாய்ச்சொல்லாக மட்டும் இருந்த ஒரு பெருமை, அளந்து பார்த்தபோதும் பெருமையாகவே நின்றது என்பதே இதில் நாம் காணும் சிறப்பு.

2004-ஆம் ஆண்டு சூலை 14-ஆம் நாள், அன்றைய குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் அவர்கள் கட்டடத்தைத் திறந்து வைத்தார்கள். பிளாட்டினம் தகுதி அதற்கு எட்டுத் திங்கள் முன்பே வந்துவிட்டது. வழக்கமான கட்டடத்தைவிட 18 விழுக்காடு மிகுதியாகச் செலவானது என்றும், அம்மிகுதி ஏழாண்டுகளில் மின்கட்டணச் சேமிப்பால் ஈடாகும் என்றும் பொறுப்பாளர்கள் கணித்தனர். அடுத்துக் குர்கானில் ஐ.டி.சி. நிறுவனம் எழுப்பிய 1,70,000 சதுர அடிக் கட்டடமும் பிளாட்டினம் பெற்றது. அதன் மிகுசெலவு 15 விழுக்காடு எனப்பட்டது.

திறப்பு விழாவிற்கு முன்பே சான்று வந்தது என்பதில் ஒரு குறையின் வித்து இருக்கிறது. ஐதராபாத்தைக் குறித்து மட்டும் நாம் இதனைச் சொல்லவில்லை. அன்றைய லீட் முறையின் இயல்பே அது. வரைபடமும் கட்டுமானமும் கணிப்பொறிக் கணக்கும் தேர்வுக்கு உள்ளாயின. குடிபுகுந்த பின் மக்கள் விளக்கை அணைக்கிறார்களா, குளிரூட்டியை எத்தனை பாகையில் ஓட்டுகிறார்கள் என்பதை யாரும் கேட்கவில்லை. திருமண நாளன்றே நல்ல இல்லறத்தாருக்குரிய பரிசை வழங்குவது போன்றது இது.

அக்கேள்வி அமெரிக்காவிலேயே எழுந்தது. 2006 வரை சான்று பெற்றிருந்த 552 கட்டடங்களுள், ஓராண்டு முழுமைக்கும் உரிய ஆற்றல் கணக்கைத் தந்தவை 121 மட்டுமே. 2008-இல் வெளிவந்த ஆய்வு, இவை நாட்டின் பொதுவான கட்டடங்களைவிட ஏறத்தாழக் கால்பங்கு குறைவாக ஆற்றலைச் செலவிடுகின்றன என்றது. எங்கும் மகிழ்ச்சி. மறு ஆண்டே ஒகையோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் ஜான் ஸ்கோஃபீல்டு அக்கணக்கின் பிழையை எடுத்துக்காட்டினார். ஒரு வகுப்பில் உயர வரிசைப்படி நடுவில் நிற்கும் மாணவனின் உயரத்தை, மற்றொரு வகுப்பின் சராசரி உயரத்தோடு ஒப்பிடுவது முறையாகுமா? ஆய்வாளர் செய்தது அதுவே. மேலும், பெரிய கட்டடம் ஒன்று வீணாக்குவதைச் சிறிய கட்டடம் ஒன்றின் சேமிப்பு ஈடுசெய்யாது. பரப்பளவையும், மின்நிலையத்தில் எரியும் எரிபொருளையும் சேர்த்து எண்ணினால், சான்று பெற்ற கட்டடங்களால் நிகரச் சேமிப்பு ஏதும் தென்படவில்லை என்றார் அவர். தனிப்பட்ட சில கட்டடங்கள் சொன்னபடி நடந்தன; வேறு சில சொன்னதற்கு மாறாக நடந்தன. எது எதுவென்று சான்றுப் பலகையைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

நம் நாட்டில் வேறொரு கேள்வியும் எழுந்தது. குளிரூட்டியே இல்லாத கட்டடத்தை எந்த அளவுகோலால் அளப்பது? நம் பள்ளிகளும் அலுவலகங்களும் பெரும்பாலும் மின்விசிறியின்கீழ் இயங்குபவை. புதுதில்லி 'டெரி' நிறுவனம் உருவாக்கி, நடுவணரசின் அமைச்சகம் ஏற்ற 'கிருஹா' முறை இதனைக் கருதியே எழுந்தது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையக் கட்டடம் அம்முறையின் முதல் ஐந்து விண்மீன் தகுதியைப் பெற்றது. ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு ஒன்றையும் நடுவணரசு 2007-இல் வெளியிட்டது.

அமெரிக்கக் கழகமும் தன் மீது எழுந்த குறையைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விடவில்லை. 2009-ஆம் ஆண்டு வடிவத்தில் புதிய நிபந்தனை ஒன்று நுழைந்தது. சான்று பெறும் கட்டடம், அதன்பின் ஐந்தாண்டுகளுக்குத் தன் ஆற்றல் கணக்கையும் நீர்க் கணக்கையும் கழகத்திற்கு அளித்தாக வேண்டும். அதற்கு வரைபடமோ கணிப்பொறியோ வேண்டியதில்லை. வாயிற்புறத்தில் மாட்டியிருக்கும் மின்மானியையும் நீர்மானியையும் திங்கள்தோறும் ஒருவர் சென்று பார்த்துக் குறித்துவைத்தால் போதும்.