நயாகரா போகும் வழியில் சாம் பேட்ச்

நியூ ஜெர்சியில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் யாரைக் கேட்டாலும் நயாகராவுக்குக் குறைந்தது மூன்று முறை போயிருப்பார்கள். ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்தால் ஒரு முறை, சித்தி குடும்பம் வந்தால் ஒரு முறை, அக்காவுக்குக் கல்யாணமாகி அத்தான் வந்தால் இன்னொரு முறை. விடியற்காலை கிளம்ப வேண்டும், புளியோதரை டப்பா பின் சீட்டில் இருக்கும், வழியில் நிற்பது கேஸ் போடவும் பாத்ரூம் போகவும் மட்டும்தான்.

அடுத்த முறை பயணத் திட்டத்தை நீங்கள் போடுவதாகச் சொல்லுங்கள். இரண்டே இரண்டு நிறுத்தங்களைச் சேருங்கள்: கிளம்பியவுடன் பேட்டர்சன், நயாகராவுக்குக் கொஞ்சம் முன்னால் ராச்செஸ்டர். இரண்டு ஊரிலும் நகரத்தின் நடுவிலேயே பெரிய அருவி இருக்கிறது. இரண்டையும் நயாகராவையும் சேர்த்து ஒரே ஆளின் கதையாகச் சொல்லலாம். அவன் பெயர் சாம் பேட்ச், பருத்தி ஆலைத் தொழிலாளி.

பேட்டர்சன் எடிசனிலிருந்து, நெரிசல் இல்லாவிட்டால், ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். பசேயிக் ஆறு அங்கே 77 அடி உயரத்திலிருந்து கருங்கல் பிளவு ஒன்றுக்குள் விழுகிறது. அந்தப் பாறை சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு இறுகி உண்டானது. ஆறு அங்கே வந்தது மிகச் சமீபத்தில்தான். கடைசிப் பனி யுகம் முடிந்தபோது பனிப்பாளம் விட்டுப்போன மண்ணும் கல்லும் ஆற்றின் பழைய வழியை அடைத்துவிட்டன. ஆறு சுற்றிக்கொண்டு வேறு வழி தேடியபோது அகப்பட்டதுதான் இந்தப் பள்ளம். அதன் கரையில் லெனாபி மக்கள் மீன் பிடித்து வாழ்ந்தார்கள்.

1778 ஜூலை 10 அன்று, மான்மத் சண்டை முடிந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், ஜார்ஜ் வாஷிங்டன் இந்த அருவிக்கு அருகே உட்கார்ந்து மதிய உணவு சாப்பிட்டார். கூட லஃபாயெட்டும் அலெக்சாண்டர் ஹாமில்டனும் இருந்தார்கள். ஆக, இந்த இடத்தில் கட்டுச்சோறு பிரித்த முதல் கூட்டம் நம்முடையது இல்லை. ஹாமில்டனை மியூசிக்கல் வழியாக மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். ஆனால் பேட்டர்சனை அதில் கேட்டிருக்க மாட்டீர்கள். 13 ஆண்டு கழித்து, நிதி அமைச்சராக இருந்தபோது, இங்கிலாந்துத் துணியை நம்பியிருக்கும் நாடு உண்மையில் விடுதலை பெற்ற நாடு இல்லை என்று நினைத்தார். 1791இல் அவருடைய முயற்சியில் ஒரு தொழில் நிறுவனம் உருவானது. இந்த அருவியைச் சுற்றி ஒரு தொழில் நகரம் கட்டுவதுதான் அதன் வேலை. சாசனத்தில் கையெழுத்திட்ட ஆளுநர் வில்லியம் பேட்டர்சனின் பெயரே ஊருக்கும் வந்தது. வாஷிங்டன் நகரத்துக்கு வரைபடம் போட்ட லான்ஃபான்தான் இங்கே கால்வாய்களுக்கும் முதலில் திட்டம் போட்டவர். திட்டம் பிரம்மாண்டமாக இருந்ததால் செலவு கட்டுப்படியாகவில்லை. அவரை அனுப்பிவிட்டு இன்னொருவரை வைத்து எளிமையாக முடித்தார்கள். கன்சல்டிங் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது.

எதற்காக அருவி? நான் படித்தது என்ஜினியரிங், அதனால் கணக்கைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு விநாடிக்கு ஒரு கன மீட்டர், அதாவது ஒரு டன் தண்ணீர், 23 மீட்டர் விழுகிறது என்று வையுங்கள். 1000 கிலோ, 9.8, 23 மூன்றையும் பெருக்கினால் சுமார் 225 கிலோவாட். குதிரைத்திறனில் 300. நீராவி எஞ்சின் அரிதாக இருந்த காலத்தில் 300 குதிரை, தீனியும் இல்லாமல், இரவு பகல் நிற்காமல்! தண்ணீரை மூன்று படிகளாகக் கால்வாயில் இறக்கி, ஒரே தண்ணீரை மூன்று வரிசை ஆலைகளுக்குக் கொடுத்தார்கள். அந்தக் கால்வாய்களின் ஓரமாக இன்றும் நடக்கலாம்.

ஹாமில்டனின் 1791 அறிக்கையில் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. ஆலைகள் வந்தால் பெண்களும் சிறுவர்களும் இன்னும் பயனுள்ளவர்கள் ஆவார்கள் என்று, அதை ஒரு நன்மையாகவே எழுதியிருக்கிறார். அது அப்படியே நடந்தது. 1835 ஜூலையில் பேட்டர்சனின் 20 ஆலைகளில் சுமார் 2000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் பெரும் பங்கு சிறுவர் சிறுமியர், உங்கள் தம்பி தங்கை வயது. ஒரு நாளைக்கு 13 மணி நேரம் 30 நிமிடம் வேலை. அதை 11 ஆக்குங்கள் என்றார்கள். கடைசியில் கிடைத்தது 12, சனிக்கிழமை மட்டும் 9.

சாம் பேட்சும் சிறு வயதிலேயே ஆலைக்குப் போனவன். ரோட் ஐலண்டின் பாட்டக்கெட்டில், ஆலைக்குப் பக்கத்து அருவியில் மற்றப் பையன்களோடு குதித்துப் பழகியவன். வளர்ந்து பேட்டர்சனுக்கு வந்தான். 1827இல் டிமதி கிரேன் என்ற செல்வந்தர் அருவிக்கு எதிர்க்கரை நிலத்தை வாங்கி, பூங்கா ஆக்கி, அருவிக்குக் குறுக்கே பாலம் போட்டு, கடப்பவர்களிடம் காசு வாங்க ஏற்பாடு செய்தார். ஞாயிற்றுக்கிழமை ஆலைக்காரர்கள் சும்மா வந்து உட்காரும் இடம் அது. செப்டம்பர் 30 அன்று பாலத்தை இழுத்துப் பொருத்துவதைப் பார்க்க ஊரே கூடியிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பேட்ச் பாறை உச்சியிலிருந்து அருவிக்குள் குதித்தான். பிழைத்து நீந்தியும் வந்தான். கூட்டம் பாலத்தை மறந்துவிட்டது. அடுத்த ஆண்டு ஜூலை 4, கிரேன் வாணவேடிக்கை அறிவித்த அதே நாளில், திரும்பவும் குதித்தான். அவன் வெறும் சாகசக்காரன் என்று எழுதுகிறவர்கள் இந்தத் தேதிகளைக் கவனிப்பதில்லை என்பது என் எண்ணம்.

இங்கே கொஞ்சம் நம்ம ஊர்ப் பக்கம் போய்விட்டு வருவோம். என் அப்பாவின் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். பாபநாசத்தில் தாமிரபரணி மலையிலிருந்து இறங்கும் இடத்தில், விக்கிரமசிங்கபுரத்தில், ஹார்வி சகோதரர்கள் 1880களில் ஒரு நூற்பாலை தொடங்கினார்கள். அதை ஓட்டியதும் அருவித் தண்ணீரின் விசைதான். தாத்தா அந்த ஆலையில் வேலை பார்த்தவர். மில் சங்கு ஊதுவதை வைத்துத்தான் வீட்டில் உலை வைப்பார்களாம். பேட்டர்சனில் ஆங்கிலேயத் துணியிலிருந்து தப்பிக்க அருவியைப் பிடித்தார்கள். பாபநாசத்தில் நம் அருவியைப் பிடித்தது பிரிட்டிஷ் கம்பெனி. அதே ஹார்விகளின் தூத்துக்குடி கோரல் மில்லில்தான் 1908இல் வ.உ.சி. முன்னின்று வேலைநிறுத்தம் நடத்தினார். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. அடுத்த சில நாட்களில் அவரைக் கைது செய்தார்கள். ஐந்து ஆண்டு கழித்து, 1913இல், பேட்டர்சனில் சுமார் 25,000 பட்டுத் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டு ஐந்து மாதம் நின்றார்கள். தோற்றுப்போனார்கள். பேட்டர்சனுக்குள் கூட்டம் போட விடாததால் பக்கத்து ஹேல்டனில் போட்டோ குடும்பத்தின் வீட்டு மாடத்திலிருந்து பேசினார்கள். அந்த வீடு இப்போது தொழிலாளர் அருங்காட்சியகம். நேரம் இருந்தால் அங்கேயும் நிறுத்துங்கள்.

போகும் நாளைப் பற்றி ஒன்று. கோடைக் கடைசியில் பேட்டர்சன் அருவி மெலிந்து கிடக்கும். பனி உருகும் மார்ச், ஏப்ரலில், அல்லது நல்ல மழைக்கு மறுநாள் போனால் சாரல் முகத்தில் அடிக்கும். 2011 முதல் தேசியப் பூங்கா. பார்க்கக் காசு கிடையாது. கிரேன் பார்த்தால் வருத்தப்படுவார்.

பேட்ச் 1829 அக்டோபரில் நயாகராவில், ஆட்டுத்தீவுக்கு அருகே கட்டிய மேடையிலிருந்து இரண்டு முறை குதித்துப் புகழ் பெற்றான். பிறகு ராச்செஸ்டர் வந்தான். ஜெனசி ஆற்றின் உயர் அருவி 96 அடி. நவம்பர் 6 அன்று குதித்துப் பிழைத்தான். நவம்பர் 13, வெள்ளிக்கிழமை, இன்னும் 25 அடி மேடை கட்டிக் குதித்தான். எழவில்லை. அடுத்த மார்ச்சில்தான் ஆற்று முகத்துப் பனிக்கட்டியில் உடல் கிடைத்தது. முப்பது வயதைச் சுற்றித்தான் இருக்கும். அருவி நன்றாகத் தெரிவது பான்ட் டி ரென் என்ற நடைபாலத்திலிருந்து. திறந்திருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து நயாகரா ஒன்றரை மணி நேரம். அங்கேயும் ஒரு காலத்தில் கரை முழுக்கத் தனியார் கையில் இருந்தது. வேலிக்குள் போய் அருவியைப் பார்க்கக் காசு கேட்டார்கள். ஓம்ஸ்டெட் போன்றவர்கள் பல ஆண்டு போராடி, 1885இல் நியூயார்க் மாநிலம் நிலத்தை வாங்கிப் பொதுவாக்கியது. ஆனால் தண்ணீர் முழுவதும் பொதுவில் விழுவதில்லை. 1950 ஒப்பந்தப்படி சுற்றுலாக் காலத்தில் பகலில் விநாடிக்கு 1,00,000 கன அடி அருவியில் விழ வேண்டும். இரவிலும் குளிர்காலத்திலும் அதில் பாதி இருந்தால் போதும். மீதியை மின் நிலையங்கள் எடுத்துக்கொள்ளலாம். அதனால் தாத்தா பாட்டியைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் நடுவில், வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். ராச்செஸ்டரை மதியம் இரண்டு மணிக்குள் விட்டால் சரியாக இருக்கும்.