தடித்த வட்ட எழுத்து



தீபாவளிச் சாமான் வாங்கத் தோட்டத்திலிருந்து பிரிக்பீல்ட்சுக்கு வந்தவர்கள் அங்குள்ள கடைப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். துணிக்கடை, நகைக்கடை, சாப்பாட்டுக்கடை எனப் பலவற்றில் கனத்த, முனை மழுங்கிய, உருண்டையான எழுத்துகளைக் காணலாம். ஓடும் பேருந்திலிருந்தே அவற்றைப் படித்துவிடலாம். இந்த உருண்டை வடிவம் எங்கிருந்து வந்தது?

தமிழ் எழுத்தின் வளைவுக்குப் பனையோலை ஒரு பெருங்காரணம் என்பர் அறிஞர். ஓலையின் நரம்பு நீளவாக்கில் ஓடும். எழுத்தாணியால் அதே வாக்கில் நேர்க்கோடு இழுத்தால் ஓலை கிழியும்; வளைத்து எழுதினால் தாங்கும். புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பதால் பலர் புள்ளியையே விட்டுவிட்டனர்.

1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது. ஓலையின் வளைவு ஈய அச்சில் ஏறியது. ஈய அச்சுக் காலத்தில் ஒவ்வோர் அளவு எழுத்துக்கும் தனி வார்ப்பு வேண்டும். 1924-இல் கோலாலம்பூரில் தோன்றி 2019 வரை வெளிவந்த ‘தமிழ் நேசன்’ போன்ற நாளிதழ்களுக்குத் தலைப்புக்கு ஓர் அளவு, செய்திக்கு வேறோர் அளவு தேவைப்பட்டது.

மேல்நாட்டிலோ இவ்வடிவம் வேறு வழியில் பிறந்தது. 1925-இல் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் ஹெர்பர்ட் பேயர் என்பவர் வட்டத்தையும் நேர்க்கோட்டையும் கொண்டே எழுத்துகளை வரைந்தார். 1975-இல் அவர் வழியைப் பின்பற்றி ‘ஐ.டி.சி. பௌஹவுஸ்’ என்னும் எழுத்து வெளிவந்து, விளம்பரங்களிலும் கடைப் பலகைகளிலும் பரவியது.

தமிழில் இவ்வடிவத்தை ஆள்வதற்குக் கவனம் வேண்டும். ‘ன’ இரண்டு சுழி. ‘ண’ மூன்று சுழி. கோடு அளவுக்கு மீறித் தடித்தால் சுழியின் உள்வெளி அடைபடும். அப்போது ‘மணம்’ எது, ‘மனம்’ எது? புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டால் ‘பல்’ என்பது ‘பல’ ஆகிவிடும். ஆகவே தடித்த எழுத்து தலைப்புக்கும் பலகைக்கும் உரியது. பாடநூலின் பக்கங்களுக்கு உரியதன்று. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு அந்தச் சிறு உள்வெளிதான் வழிகாட்டி.

நேயர்களே, எழுத்து வரைவது எங்கோ இருக்கும் பெரியவர்களின் வேலை என்று எண்ணவேண்டாம். கிள்ளான் பக்கம், செம்பனைத் தோட்டங்கள் நிறைந்த கேரித் தீவில் பிறந்தவர் முத்து நெடுமாறன். 1985-இல் ‘முரசு அஞ்சல்’ என்னும் கணினி மென்பொருளை உருவாக்கினார். அவர் வரைந்த தமிழ் எழுத்துகள் இன்று ஆப்பிள் கணினிகளில் இருக்கின்றன. தோட்டத்து மண்ணுக்கு அருகில் பிறந்த கை, உலகமெங்கும் தமிழர் படிக்கும் எழுத்தை வரைந்திருக்கிறது.

அடுத்த முறை பட்டணத்துக்குப் போகும்போது பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கடைப் பலகை முன் நில்லுங்கள். ‘ண’வில் எத்தனை சுழி என்று எண்ணச் சொல்லுங்கள். மூன்றும் தெளிவாகத் தெரிந்தால், அந்தப் பலகையை எழுதியவர் தொழில் அறிந்தவர்.