இரைச்சலைக் கழித்தால் மிஞ்சுவது

1964ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், பெல் ஆய்வகத்தின் கொம்பு வடிவ ஆன்டெனாவை வைத்துக்கொண்டு ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் திணறிக்கொண்டிருந்தார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் சுமார் 3.5 கெல்வின் அளவுக்கு ஓர் இரைச்சல். நியூயார்க் நகரத்தைச் சந்தேகித்தார்கள், உள்ளே கூடு கட்டிய புறாக்களின் எச்சத்தைக்கூடக் கழுவினார்கள். இரைச்சல் போகவில்லை. அது பிரபஞ்சத்தின் இளமைக் காலத்து வெப்பத்தின் மிச்சம் என்று 1965ல் புரிந்தது. இந்தப் புறா கதை பலருக்கும் தெரியும். பிறகு வந்தவர்களின் பாடுதான் அதிகம் பேசப்படாதது.

அந்தக் கதிர்வீச்சு எல்லாத் திசையிலும் ஒரே சீராக இருந்தது. முழுக்கச் சீராக இருந்திருந்தால் விண்மீன் மண்டலங்கள் திரண்டிருக்கவே முடியாது. எங்கோ ஏற்ற இறக்கம் இருந்தாக வேண்டும். அது ஒரு லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். அளக்கும் கருவியின் சொந்த இரைச்சல் அதைவிடப் பல மடங்கு பெரியது!

1989 நவம்பரில் நாசா ஏவிய கோபி செயற்கைக்கோளில் ஜார்ஜ் ஸ்மூட் குழுவின் கருவி இதற்கு ஒரு வழி கண்டது. வானத்தின் ஒரு புள்ளியை அது தனியாக அளக்கவில்லை. 60 டிகிரி இடைவெளியில் இரண்டு கொம்புகளை வைத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அளந்தது. கருவி சூடானாலும் குளிர்ந்தாலும் இரு பக்கமும் ஒன்றாக மாறும், கழிக்கும்போது பெரும்பாலும் அடிபட்டுப் போகும். இப்படிச் சேர்ந்த கோடிக்கணக்கான வித்தியாசங்களிலிருந்து கணினி வரைபடத்தைப் பின்னியெடுத்தது. ஒரே இடத்தை நூறு முறை அளந்தால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகும் என்பதே ஆதாரக் கணக்கு.

அதோடு விடவில்லை. ஒவ்வொரு அலைவரிசைக்கும் இரண்டு தனித்தனி ஏற்பிகள் இருந்தன. இரண்டின் படங்களைக் கூட்டினால் வானமும் இரைச்சலும் சேர்ந்து வரும்; கழித்தால் இரைச்சல் மட்டும் மிஞ்சும். இரண்டையும் ஒப்பிட்டபோது கூட்டிய படத்தில் சுமார் 30 மைக்ரோ கெல்வின் கூடுதலாக நின்றது. அப்போதும் ஸ்மூட்டுக்குத் திருப்தியில்லை. தவறு கண்டுபிடிப்பவருக்கு உலகில் எங்கும் போக விமான டிக்கெட் என்று தன் குழுவிலேயே அறிவித்தார். யாரும் அதை வாங்கவில்லை.

1992 ஏப்ரலில் முடிவு வெளியானது. பத்திரிகைகள் அச்சிட்ட சிவப்பு, நீலப் படத்தில் தனித்தனித் திட்டுகள் பலவும் கருவியின் இரைச்சலே. எந்தத் திட்டையும் தொட்டு 'இதுதான் ஆதி வித்து' என்று சொல்ல முடியாது. மொத்தப் படத்தின் புள்ளியியலில்தான் உண்மை இருந்தது. விளக்கக் குறிப்பைப் படித்தவர்கள் எத்தனை பேரோ!

கருவியின் இரைச்சலைக் காலம் வெல்லும். வானத்தின் இரைச்சலை அது வெல்லாது. நம் பால்வெளியின் எலக்ட்ரான்களும் தூசியும் அதே நுண்ணலைகளை வீசுகின்றன, எத்தனை ஆண்டு பார்த்தாலும் அவை குறையாது. ஆனால் எலக்ட்ரான்களின் ஒளி அலைவரிசை ஏற ஏற மங்கும், தூசியுடையது கூடும். ஆதிக் கதிர்வீச்சின் வெப்பநிலையோ எல்லா அலைவரிசையிலும் ஒன்றே. எனவே 2001ல் கிளம்பிய டபிள்யூமேப் 5 அலைவரிசைகளிலும், 2009ல் கிளம்பிய ஐரோப்பாவின் பிளாங்க் 9 அலைவரிசைகளிலும் பார்த்து, மாறுவதைக் கழித்து மாறாததை வைத்துக்கொண்டன.

இதை மீறியதன் விலை 2014ல் தெரிந்தது. தென் துருவத்தில் பைசெப்2 தொலைநோக்கி 2010 முதல் 2012 வரை ஒரு சிறு வானப் பகுதியையே உற்றுப் பார்த்தது. கருவி இரைச்சலை அதற்குமுன் யாரும் தொடாத அளவுக்குக் குறைத்தது. பிரபஞ்சம் பிறந்த கணத்தில் எழுந்த ஈர்ப்பு அலைகளின் சுருள் தடத்தைக் கண்டதாக மார்ச் 17 அன்று அறிவித்தார்கள். அந்தக் கோட்பாட்டை வளர்த்த ஆந்த்ரே லிண்டேயின் வீட்டு வாசலில் செய்தி சொல்லி ஷாம்பெயின் திறந்தார்கள். ஆனால் அந்தக் கருவி பார்த்தது 150 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில். தூசியும் அதே சுருளைத் தரும். ஒற்றை அலைவரிசையில் அதைப் பிரிக்க வழியில்லை. தூசி குறைவு என்ற அனுமானத்துக்குப் பயன்படுத்திய மாதிரிகளில் ஒன்று, பிளாங்க் குழு ஒரு கருத்தரங்கில் காட்டிய படத்திலிருந்து எடுத்தது.

செப்டம்பரில் பிளாங்க், 353 கிகாஹெர்ட்ஸில் அளந்த தூசியின் கணக்கை வெளியிட்டது. கண்டதாகச் சொன்ன தடத்தின் அளவுக்கே அங்கே தூசி இருக்கலாம் என்றது. 2015 தொடக்கத்தில் இரு குழுவும் சேர்ந்து கணக்கிட்டு, ஈர்ப்பு அலைக்குச் சான்று இல்லை என்று எழுதின. பிறகு அதே குழு தென் துருவத்தில் 95, 220 கிகாஹெர்ட்ஸையும் சேர்த்துக்கொண்டது. 2014ல் 0.2 என்று சொன்ன அளவு 0.036ஐத் தாண்டாது என்று 2021ல் அவர்களே வரம்பு போட்டார்கள்.